நெளியாத வளையங்கள்

அய்யாவு என் மேசைமேல் அந்த மரக்கன்றை வைத்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன், இன்னும் ஒரு வாய்கூட வைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. செத்த செடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைச் சுத்தமாகப் பிடிக்காது.

“இதுல லோகேஸ்வரிங்கிறது யாரு?” என்று கேட்டார். கையில் நாலாக மடித்த தாள் ஒன்று. எங்கள் ஆய்வுக்கூடத்தின் முத்திரையும் அதன் கீழே என் கையெழுத்தும் தெரிந்தன.

“நான்தான். என்ன வேணும் அண்ணே?”

“இந்தக் கன்னு ஏன் செத்துச்சுன்னு தெரியணும்.”

கிள்ளானுக்குப் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங்கில், பெயிண்ட் தொழிற்சாலைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் மண் ஆய்வுக்கூடம். பத்தொன்பது வருஷமாக அங்கே இருக்கிறேன். தோட்டங்களிலிருந்து வரும் மண்ணைக் காய வைத்து, எடை போட்டு, எண்ணாக மாற்றிக் கொடுப்பது என் வேலை. அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடும் உரிமை அங்கே எனக்கு மட்டும்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

அய்யாவுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கிள்ளானில் வீடு. பதினாலு பேர் கொண்ட நடவுக் கூட்டத்துக்குத் தலைவர். பகாங் மாநில எல்லையில் ஒரு கம்பெனி யூகலிப்டஸ் மரங்களை வெட்டி எடுத்துவிட்டு, அதே நிலத்தில் மறுபடி நட இவர் கூட்டத்தைக் கூப்பிட்டிருந்தது. இருபதாயிரம் கன்று நட்டிருக்கிறார்கள். நாலு மாதத்தில் பாதிக்கு மேல் செத்துவிட்டது. வேரை மடக்கித் திணித்து நட்டதால்தான் செத்தது என்கிறது கம்பெனி. அதை ஒப்புக்கொண்டு திங்கட்கிழமை ஷா ஆலம் அலுவலகத்தில் இவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒப்பந்தப் பட்டியலிலிருந்து இவர் கூட்டத்தின் பெயரை அடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் வேறு எந்தத் தோட்டமும் இவர்களைக் கூப்பிடாது.

“மண்ணு நல்லா இருக்குன்னு உங்க பேப்பர் சொல்லுது. அப்ப தப்பு நட்டவங்க மேலதானேன்னு கேக்குறாங்க. நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். வீரம்மான்னு எங்க ஆளு, இருபது வருஷமா கன்னு நடுறா. ‘மண்ணு கல்லாட்டம் இருக்கு, மம்பட்டி எகிறுது’ன்னு மொத நாளே சொன்னா. இந்தப் பேப்பரக் காட்டித்தான் அவ வாய அடச்சேன். கன்னு சாக ஆரம்பிச்சதும் அவளத்தான் மொதல்ல நிறுத்துனேன். இப்ப கம்போங் மேடான்ல வீட்ல ஒக்காந்திருக்கா.” தாளை என் பக்கம் தள்ளினார். “சொல்லு. உன் பேப்பர் சரியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

“என் எண்ணு தப்பா இருக்காதுண்ணே. ஒங்க ஆளுங்கள ஒழுங்கா நடச் சொல்லுங்க,” என்றேன். குரலைத் தாழ்த்தவும் இல்லை. உள்ளே எடை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கைப்பேசி எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, கன்றை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் சோற்றைப் பிசைந்தேன். கன்று கண்ணெதிரே கிடந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் அதன் வேரைப் பார்த்தேன்.

நட்டவர் வேரை மடக்கித் திணித்திருந்தால் நுனி மேல்நோக்கி மடங்கியிருக்கும். இது அப்படி இல்லை. ஒரு விரல் நீளம் நேராகக் கீழே இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பி, சிமெண்ட் தரைமேல் ஓடியதைப் போலத் தட்டையாக ஓடியிருந்தது. நல்ல முறையில் நட்ட கன்றுதான். இறங்க இடம் கிடைக்காத வேர்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அந்தத் தோட்டத்துப் பழைய ஃபைலை எடுத்தேன். ஒன்பது மாதிரிகள். ஒன்பதுக்கும் நேரே ‘வண்டித் தடம்’ என்று எழுதியிருந்தது. வெட்டிய மரத்தை அள்ளிக்கொண்டு போகும் இயந்திரம் போய் வந்த தடம் என்று அர்த்தம். எண்கள் எல்லாம் 1.08க்கும் 1.14க்கும் நடுவில். மண் எவ்வளவு இறுகியிருக்கிறதோ அந்த எண் அவ்வளவு கூடும். அந்த மாதிரிக் களிமண்ணில் ஒன்றரையைத் தொட்டால் வேர் இறங்காது. ஒன்றேகால் தாண்டாவிட்டால் கவலையில்லை, டிராக்டர் வைத்து ஆழமாகக் கீறிவிடாமலே நடலாம். என் எண்ணைப் பார்த்துத்தான் கம்பெனி கீறாமல் விட்டிருக்கிறது.

இருபது டன் இயந்திரம் மழைக்காலத்தில் ஏறி இறங்கிய தடம் 1.1 காட்டுமா? அன்றைக்கு இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். உடனே ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் வேறு ஒரு காரணத்துக்காகச் சந்தோஷமாக இருந்தேன்.

நாங்கள் மண் மாதிரி எடுப்பதெல்லாம் இரும்பு வளையத்தில். தேநீர் குவளை அளவு இருக்கும். மண்மேல் வைத்து, சுத்தியலால் அடித்து இறக்கி, மண்ணோடு அப்படியே எடுத்து வர வேண்டும். விளிம்பு நெளிந்துவிட்டால் அதன் கொள்ளளவு மாறிவிடும், கணக்கு தப்பிவிடும். மாதிரி எடுக்க வெளியே போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடித்து, நெளித்துக் கொண்டு வருவார்கள். நான் கத்துவேன். கத்திக் கத்திச் சலித்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: ‘நெளிந்த வளையம் ஏற்கப்படாது. சாக்குச் சொல்பவர் உள்ளே வர வேண்டாம். — லோகேஸ்வரி.’ அதற்கப்புறம் ஒரு வளையம்கூட நெளியவில்லை. இந்தத் தோட்டத்து வளையங்கள் ஒன்பதும் புத்தம் புதிதுபோல வந்து சேர்ந்தன. வந்த எல்லாரிடமும் எடுத்துக் காட்டிப் பெருமை அடித்தேன்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் அய்யாவு மேல்தான். நேரில் போய், நானே மண்ணெடுத்து, என் எண் சரி என்று அந்த மனிதர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அவருக்குப் போன் செய்து சனிக்கிழமை தோட்டத்தில் இருக்கச் சொன்னேன். மாதிரி எடுத்த ஜீவனையும் வரச் சொன்னேன். ஜீவன் எங்கள் வெளிவேலைக்காரன். முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வாய் ஓயாமல் பேசுகிறவன். அன்றைக்குக் கிள்ளானிலிருந்து காராக் நெடுஞ்சாலை வரைக்கும் என் பக்கத்து இருக்கையில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“ஒடம்பு சரியில்லையா?”

“இல்லக்கா, ஓகே லா.”

அய்யாவு தோட்டத்து வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். அவருக்குப் பின்னால் போனோம். மேடு முழுக்க அடிமரக் கட்டைகள், அவற்றுக்கு நடுவே காய்ந்து பழுப்பேறிய கன்றுகள். தடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. மழை பெய்து மூன்று நாள் ஆகிவிட்டது என்றார் அய்யாவு. மூன்று நாளாக ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை.

“மரம் வெட்டுனா கெளையையும் பட்டையையும் தடத்துல பரப்பிப் போட்டு அதுமேல மிஷின ஓட்டணும்மா. மண்ணு நசுங்காது. அப்புறம் மக்கி எருவாவும் ஆவும். இவங்க அத்தனையும் லோரில ஏத்தி எரிபொருளுக்கு அனுப்பிட்டாங்க. வெறும் மண்ணு மேல, நவம்பர் மழையில, ராவும் பகலுமா ஓட்டுனாங்க. நாங்க நட வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு.”

“மொத மாதிரி எங்க எடுத்தே?” என்று ஜீவனிடம் கேட்டேன்.

அவன் தடத்தைக் காட்டவில்லை. தடத்திலிருந்து பத்தடி தள்ளி, அடிமரம் ஒன்றின் ஓரத்தைக் காட்டினான். இலை மக்கிய இடம். காலை வைத்தால் அமுங்கியது.

“தாள்ல வண்டித் தடம்னு எழுதியிருக்கே.”

அவன் பையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினேன். தடத்தின் நடுவில் முட்டி போட்டு, வளையத்தை வைத்து அடித்தேன். மூன்றாவது அடியில் விளிம்பு மடங்கியது. வேறொரு வளையம், வேறொரு இடம். அதுவும் மடங்கியது. ஏழு வளையம் அடித்தேன், நாலு நெளிந்தது. மூன்று தேறியது.

அப்புறம் கத்தினேன். அந்த மேடு முழுக்கக் கேட்டிருக்கும். பத்தாயிரம் கன்று செத்திருக்கிறது, பதினாலு பேர் பிழைப்பு போகப் போகிறது, உனக்கு வேர்வை சிந்த வலிக்கிறதா, சோம்பேறி, பொய்யன், உன்னை நம்பி நான் கையெழுத்துப் போட்டேனே என்றெல்லாம் கத்தினேன். அவன் தலை குனிந்தே நின்றான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகப் பேசினான்.

“நோட்டீஸ் ஒட்டுனப்புறம் மொத மொதல்ல ரெண்டு வளையம் நெளிச்சுக் கொண்டாந்தது நான்தாங்கா. ஞாபகம் இருக்கா? அத கயித்துல கோத்து என் கழுத்துல மாட்டி விட்டீங்க. சாயங்காலம் வரைக்கும் கழட்டக் கூடாதுன்னீங்க. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க.”

ஞாபகம் இருந்தது. ஆனால் எண்ணும்போது அதைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டிருந்தேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

“இங்க மொத அடியிலயே தெரிஞ்சிருச்சு, வளையம் தாங்காதுன்னு. அதான் தள்ளிப் போயி எடுத்தேன். தப்புதாங்கா.”

“மண்ணு இறுகிக் கெடக்கு, வளையம் எறங்கலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சாக்குச் சொல்றவன் உள்ள வராதேன்னு எழுதியிருக்கே.”

வளையம் இறங்கவில்லை என்பதே ஒரு செய்தி. மண் இறுகிவிட்டது என்று எந்த எண்ணையும் விடத் தெளிவாகச் சொல்லும் செய்தி. அந்தச் செய்தி என் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று நானே எழுதி, பெயர் போட்டு, சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஜீவன் மேல் வந்த கோபம் அப்படியே திரும்பி என் மேலேயே விழுந்தது. அய்யாவு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண் காய வைக்கும் அடுப்பிலிருந்து மூன்று மாதிரிகளையும் எடுத்து எடை போட்டேன். 1.51, 1.54, 1.49. ஆய்வுக்கூடத்தின் முதலாளி மார்க்கிரட்டுக்குப் போன் செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் சர்ச் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“லோகா, நீ ஏன் டென்ஷன் ஆகுறே? நம்ம ரிப்போர்ட்ல கடைசி வரி இருக்குல்ல, ‘பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும்’னு. மாதிரி தப்புன்னா எடுத்தவன் தப்பு. ஜீவன நிறுத்திடலாம். நீ நாளைக்கு அங்க போகாதே.”

“அப்ப அய்யாவு கையெழுத்துப் போடட்டும்கிறீங்களா?”

“அது நம்ம விஷயம் இல்ல லா.”

போனை வைத்துவிட்டேன். அந்தக் கடைசி வரியை எத்தனை ஆயிரம் தாளில் அச்சடித்திருக்கிறேன். அது எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

திங்கட்கிழமை காலை ஷா ஆலத்தில் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கூட்ட அறையில் தோட்ட மேலாளர் ஜெயந்திரன் இருந்தார். நயமாகப் பேசுகிற மனிதர், எங்களுக்குப் பல வருஷமாக மண் அனுப்புகிறவர். எதிரே அய்யாவு, இஸ்திரி போட்ட சட்டையில், குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் அந்தக் கடிதம், அதன்மேல் ஒரு பேனா.

பையைத் திறந்து நெளிந்த வளையங்கள் நாலையும் மேசையில் கொட்டினேன். சுவரிலிருந்து கிழித்து வந்த அறிவிப்பை அவற்றின் பக்கத்தில் வைத்தேன்.

“என்ன இது, லோகேஸ்வரி?”

“போன வருஷம் நான் குடுத்த எண்ணு தப்பு, மிஸ்டர் ஜெயந்திரன். மாதிரி தடத்துல எடுக்கல. வளையம் நெளிஞ்சா நான் திட்டுவேன்னு பயந்து மெத்துன எடத்துல எடுத்திருக்காங்க. தடத்துல சனிக்கிழம நானே எடுத்தேன். ஒன்றரை. அந்த மண்ணுல யார் நட்டாலும் கன்னு சாகும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “ஸோ, லேப் மிஸ்டேக்.”

“என் மிஸ்டேக். என் கையெழுத்து. வேற யார் பேரையும் எழுதாதீங்க.”

“ஓகே. நோட் பண்ணிக்கிறேன்.”

“நான் இன்னும் முடிக்கல. எண்ணு தப்பா குடுத்தது நான். மண்ண இறுக்குனது நான் இல்ல. மழையில மிஷின் ஓட்டச் சொன்னது யாரு? தடத்துல போட வேண்டிய கெளைய லோரில ஏத்தி அனுப்புனது யாரு? அதுக்கும் ஒரு லெட்டர் அடிச்சு வச்சிருக்கீங்களா? அதுல யார் கையெழுத்துப் போடுவாங்க?”

“அத அப்புறம் பேசலாம் லா.”

“அப்ப இந்த லெட்டரும் அப்புறம்.” கடிதத்தை இழுத்து அவர் பக்கம் தள்ளினேன். பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. “பழைய ரிப்போர்ட்ட ரத்து பண்ணி இன்னைக்கே எழுத்துல அனுப்புறேன். அதுக்கு மேலயும் இவர்கிட்ட கையெழுத்து வாங்குனா, எங்க போயி வேணாலும் சாட்சி சொல்லுவேன்.”

ஜெயந்திரன் வளையங்களைப் பார்த்தார், கடிதத்தை எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். அய்யாவு கூட்டத்தின் மேல் இனி நடவடிக்கை இல்லை என்றும், எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இனி மண் வராது என்றும் ஒரே மூச்சில் சொன்னார். நான் கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் மார்க்கிரட்டின் குறுஞ்செய்தி வந்துவிட்டது. நாளையிலிருந்து நான் கையெழுத்துப் போட வேண்டாமாம்.

அய்யாவு என் பின்னாலேயே வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அந்த எதிர்பார்ப்புக்காக இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

“மன்னிச்சிருங்கண்ணே,” என்றேன்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்குற?” அவர் குரல் உயர்ந்தது. முதல் தடவையாக. “நாலு மாசம்! நாலு மாசமா என் ஆளுங்கள நாயே பேயேன்னு திட்டியிருக்கேன். ஒழுங்கா நட்டியா, வேர மடக்குனியான்னு ஒவ்வொருத்தரையும் நிக்க வச்சுக் கேட்டிருக்கேன். இருபது வருஷம் எங்கூட நட்டவ சொன்னத நம்பல. மொகம் தெரியாத உன் கையெழுத்த நம்புனேன். நீ கத்துன, அவன் பயந்தான். நான் கத்துனேன், அவ அழுதா. யாரு யார மன்னிக்கிறது?” மூச்சு வாங்கினார். “வண்டிய எடு. கம்போங் மேடானுக்குப் போவோம். அவகிட்ட நீயே சொல்லு.”

வீரம்மாவின் வீடு மலிவு விலை அடுக்குமாடியில் நாலாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியேறிப் போய், இரும்புக் கதவுக்கு வெளியே நின்றோம். வீரம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. அய்யாவைப் பார்த்ததும் முகம் இறுகியது. கதவைத் திறக்கவில்லை.

“என்ன?”

அய்யாவு தரையைப் பார்த்தார். நான்தான் பேசினேன். நான் யார், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவள், மண் எங்கே எடுக்கப்பட்டது, ஏன் அங்கே எடுக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தில் வளையம் மாட்டியதையும் சொன்னேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

“மம்பட்டி எகிறுதுன்னு மொத நாளே சொன்னேன்,” என்றாள் அய்யாவிடம். “சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

“நீங்க என்ன செஞ்சீங்க? மூஞ்சிக்கு நேரா ஒரு பேப்பர நீட்டுனீங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சே நீட்டுனீங்க.” என் பக்கம் திரும்பினாள். “இப்பவும் பேப்பர் கொண்டாந்திருக்கியா?”

புது அறிக்கை என் பைக்குள் இருந்தது. மூன்று எண்ணும், முத்திரையும், நான் போட்ட கடைசிக் கையெழுத்தும். ஜிப்பின்மேல் கை போய்விட்டது. இழுத்துக்கொண்டேன்.

“இல்லக்கா. பேப்பர் இல்ல. நீங்க சொன்னதுதான் சரி.”

அவள் பூட்டைத் திறந்தாள்.

“உள்ள வாங்க ரெண்டு பேரும். ஒக்காருங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

அய்யாவு செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.